அந்தக் கழுகு முகங்கள் திரும்பி வந்தபோது: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் 'தி டார்க் கிரிஸ்டல்: ஏஜ் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்' தொடரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று ஆசிரியர் குழு எதிர்பார்க்கவில்லை. நான் எதிர்பார்த்தேன். 1982-இல் ஜிம் ஹென்சனும் ஃபிராங்க் ஆஸும் சேர்ந்து இயக்கிய 'தி டார்க் கிரிஸ்டல்' பொம்மைப் படத்தைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் அதை லேசில் மறப்பதில்லை. அதன் முன்கதையை நெட்ஃப்ளிக்ஸ் 2019 ஆகஸ்டில் பத்துப் பகுதிகளாகக் கொண்டுவந்தது. இந்த முறை பதில் பகுதி முழுவதையும் இதற்கே கேட்டு வாங்கியிருக்கிறேன். கதையின் முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் நேரே கடைசிக் கேள்விக்குப் போய்விடுங்கள்.

சின்ன வயதில் வாடகைக் கேசட்டில் படத்தைப் பார்த்துவிட்டு, விளக்கை அணைக்கவிடாமல் படுத்தவன் நான். இப்போது மகளோடு உட்கார்ந்து தொடரைப் பார்த்தேன். பயம் குறையவில்லை, கூடியிருக்கிறது. வயதானால் பயம் போக வேண்டாமா?
– ஒரு வாசகர், சேலம்

உங்கள் பயம் இடம் மாறியிருக்கிறது. அன்றைக்கு நாம் பயந்தது ஸ்கெக்சிஸ்களின் உருவத்துக்கு. பாதி கழுகு, பாதி ஊர்வன, நைந்துபோன பட்டு அங்கி, விருந்து மேசையில் எச்சில் ஒழுக அவை தின்னும் விதம். பிள்ளைகளுக்கு அது போதும்.

தொடர் வேறொரு பயத்தைத் தொடுகிறது. அங்கே ஸ்கெக்சிஸ்கள் ஆட்சியாளர்கள். கெல்ஃப்ளிங் மக்கள் அவர்களை நம்பி, வணங்கி, அறுவடையில் பங்கு கொடுத்து, தங்கள் பிள்ளைகளையே கோட்டைக் காவலுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் காவல்காரப் பெண்களில் ஒருத்தி மீரா. அவளை நாற்காலியில் கட்டிவைத்து உயிர்ச்சாற்றை வடித்தெடுத்து, அதைக் குடித்து இளமை திரும்புகிறதா என்று பார்க்கிறார்கள். அவளைக் காதலிக்கும் ரையன் மறைந்திருந்து பார்த்துவிடுகிறான். இது முதல் பகுதியிலேயே நடக்கிறது.

எனக்கு உடம்பு சில்லிட்டது அதற்கு அடுத்த கட்டத்தில். கெல்ஃப்ளிங்குகள் கையோடு கை சேர்த்தால் ஒருவர் நினைவு மற்றவருக்குத் தெரியும். பொய்க்கு அங்கே இடமில்லை. ரையன் யார் கையையாவது பிடித்தால் உண்மை ஊரெல்லாம் பரவிவிடும். அதனால் ஸ்கெக்சிஸ்கள் ஒரு செய்தி பரப்புகிறார்கள்: ரையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அது தொற்றுநோய், அவன் கையைத் தொட்டால் உங்களுக்கும் வரும். சாட்சியைக் கொல்வதைவிட, சாட்சியைத் தொடாதே என்று ஊரைப் பயமுறுத்துவது எவ்வளவு சுலபம்! எட்டு வயதில் நமக்கு இது புரிந்திருக்காது. நாற்பதைக் கடந்தவர்களுக்குப் புரியும். உங்கள் மகளைவிட நீங்கள் அதிகம் பயந்ததில் ஆச்சரியமே இல்லை.

பெயர்கள் மண்டையைக் குழப்புகின்றன. இரண்டாம் பகுதியோடு விட்டுவிட்டேன்.
– ஒரு வாசகி, தென்காசி

மூன்று பேரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கோட்டையில் கொலையைப் பார்த்த ரையன். புத்தகமே கதியென்று கிடக்கும் இளவரசி பிரியா. நிலத்துக்கு அடியில் குகையில் வாழும் டீட். மூன்றாம் பகுதிக்குள் மற்றவர்கள் தாமாகவே இடம் பிடித்துவிடுவார்கள். ஏழு குலங்களின் பெயர்களையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தொடக்கத்தில் சிகோர்னி வீவரின் குரலில் வரும் அறிமுகத்தை மட்டும் இன்னொரு முறை கேளுங்கள்.

என் ஏழு வயது மகனுக்குப் போட்டுக் காட்டினேன். நடுவில் அழுதுவிட்டான். 'பொம்மைப் படம்தானே' என்று நினைத்தேன். நான் செய்தது தப்பா?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

தப்பு உங்களுடையது இல்லை, அம்மா. பொம்மை என்றால் பாப்பாக்களுக்கு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மட்டும் எப்படிச் சந்தேகப்படுவீர்கள்? ஆனால் ஏழு வயதுக்கு இந்தத் தொடர் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தண்டனை என்று சொல்லி ஸ்கெக்சிஸ் விஞ்ஞானியின் கண்ணை ஒரு பூச்சிக்குத் தின்னக் கொடுக்கும் காட்சி இருக்கிறதே, அதைப் பார்த்து நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

குழந்தைகளைப் பயமே தெரியாமல் வளர்ப்பது நல்லதல்ல என்ற எண்ணம் ஹென்சனுக்கு இருந்தது. கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைகளில் இருந்த பழைய இருட்டைத் திரும்பக் கொண்டுவர அவர் ஆசைப்பட்டார். அந்த எண்ணத்தோடு நான் முழுக்க உடன்படுகிறேன். நம் பாட்டிமார் சொன்ன கதைகளில் மட்டும் பேய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவில்லையா? ஆனால் பாட்டி கதை அந்த ராத்திரியே முடிந்துவிடும், பிள்ளையும் திரும்பி வந்துவிடும். 1982 படமும் அப்படித்தான். 93 நிமிடம். உடைந்த படிகத்தில் துண்டு சேர்ந்ததும் கொடிய ஸ்கெக்சிஸ்களும் அவர்களுடைய மறுபாதிகளான சாதுக்களும் ஒரே உயிராகச் சேர்கிறார்கள், செத்த பூமி துளிர்க்கிறது. பயந்த பிள்ளையைக் கைப்பிடித்து வீடு கொண்டுவந்து சேர்த்துவிட்டுத்தான் படம் விலகுகிறது. தொடர் அப்படிச் செய்வதில்லை. பத்துப் பகுதி நெடுகப் பயமுறுத்திவிட்டு, கடைசியில் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறது.

உங்கள் மகனுக்குப் பத்து, பதினொன்று ஆகட்டும். அப்போதும் பக்கத்தில் உட்காருங்கள். இப்போதைக்கு ஒன்று செய்யலாம். தொடர் உருவான விதத்தைக் காட்டும் 'தி கிரிஸ்டல் கால்ஸ்' என்ற ஆவணப்படம் இருக்கிறது. அதிலிருந்து ஸ்கெக்சிஸுக்குள் மனிதர் நுழையும் இடங்களை அவனுக்குக் காட்டுங்கள். குழந்தைகள் நாடகக் குழுவில் நான் பொம்மை ஆட்டிய காலத்தில், ஆட்டம் முடிந்ததும் அழுத பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் கூப்பிடுவோம். அரக்கனின் வாய்க்குள் தாங்களே கையை விட்டுத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். பிறகு அந்த அரக்கனை விட்டுப் போக மனசே வராது அவர்களுக்கு. பாட்லிங் என்ற குள்ள இனத்தைச் சேர்ந்த ஹப்பையும் காட்டுங்கள். கையில் ஒரு மரக்கரண்டியை ஏந்திக்கொண்டு தன்னைப் பெரிய வீரனாக நினைத்துச் சண்டைக்குக் கிளம்புவான். அவனைப் பிடிக்காத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

கெல்ஃப்ளிங்குகளின் முகம் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. அழும்போதுகூட ஒன்றும் தெரியவில்லை. இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் செய்திருக்கலாமே? ஏன் இந்தப் பிடிவாதம்?
– ஒரு பொறியியல் மாணவர், திருச்சி

தம்பி, உங்கள் குறையில் பாதி நியாயம் இருக்கிறது. மனிதச் சாயல் உள்ள முகம் என்றால் நம் கண் கறாராகப் பார்க்கும். பிறந்த நாள் முதல் அம்மா முகத்தைப் படித்துப் பழகிய கண் இது. உதட்டோரம் அசையவில்லை என்றால் உடனே கண்டுபிடித்துவிடும். ஸ்கெக்சிஸுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. அப்படியொரு முகத்தை நாம் பார்த்ததே இல்லை, அதனால் அது செய்வதையெல்லாம் நம்பிவிடுகிறோம். 1982 படத்திலும் கதாநாயகன் ஜென்னைவிட வில்லன்கள்தான் உயிரோடு தெரிந்தார்கள்.

கம்ப்யூட்டரையும் அவர்கள் முயன்று பார்த்திருக்கிறார்கள். கெல்ஃப்ளிங்கை மட்டும் கணினியில் உருவாக்கி, பக்கத்தில் நிஜ ஸ்கெக்சிஸ் பொம்மையை நிறுத்திச் சோதனைக் காட்சி எடுத்தார்கள். நான் சொன்ன ஆவணப்படத்தில் அது இருக்கிறது, பாருங்கள். இரண்டும் ஒரே அறையில் நிற்பதாகவே தோன்றாது. ஒன்று தரையை மிதித்து நிற்கிறது, மற்றது எதையும் மிதிக்கவில்லை. கடைசியில் பொம்மையே ஜெயித்தது. கணினிக்கும் வேலை இல்லாமல் இல்லை. ஆட்டுபவர்களையும் கம்பிகளையும் அழிப்பது, தூரத்து மலைகளையும் வானத்தையும் சேர்ப்பது, பொம்மையால் முடியாத சில அசைவுகள் என்று நிறைய செய்திருக்கிறது.

இங்கிலாந்தில் விண்ட்சருக்குப் பக்கத்தில் லாங்லி ஸ்டுடியோவில்தான் படப்பிடிப்பு. அரங்கின் தளத்தை உயர்த்திக் கட்டி, ஆட்டுபவர்கள் அதற்குக் கீழே நிற்பார்கள். ஒரு கை தலைக்கு மேலே பொம்மையின் தலைக்குள் இருக்கும். இன்னொருவர் பொம்மையின் கையைப் பிடிப்பார். மற்றொருவர் சற்றுத் தள்ளி நின்று, காதையும் கண்ணிமையையும் ரிமோட்டில் அசைப்பார். எவருக்கும் பொம்மை நேராகத் தெரியாது. எதிரே ஒரு சின்னத் திரையில் கேமரா காண்பதை மட்டும் பார்த்துக்கொண்டு ஆட்டவேண்டும். மூன்று பேர் ஒரே மூச்சில் இழைந்தால்தான் டீட் திரும்பிப் பார்ப்பாள்.

கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டியவர்களுக்கு இந்த வலி தெரியும். ஒரு பாட்டு முடிவதற்குள் தோள்பட்டை கெஞ்சும். கை மெல்லச் சரியும், பொம்மை தரைக்குள் இறங்குவதுபோல் தெரியும், வாத்தியார் பின்னாலிருந்து முழங்கையைத் தட்டி உயர்த்துவார். 1982 படத்தில் கார்த்திம் என்ற ராட்சத வண்டுகளுக்குள் இருந்தவர்கள் சுமார் 30 கிலோ கவசத்தைச் சுமந்தார்கள். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் அவர்களைக் கவசத்தோடு கொக்கியில் தொங்கவிட்டு இளைப்பாறவிடுவார்களாம். அந்தப் பாரம் திரையில் தெரிகிறது. கார்த்திம் ஒரு அடி வைத்தால் அது உண்மையிலேயே கனமான அடி.

பொம்மையாட்டத்தில் முதல் பாடம் வாயசைப்பது அல்ல, பார்வை. பொம்மை எதைப் பார்க்கிறது என்பது தெளிவாக இருந்தால் அதன் மனசில் இருப்பதைப் பார்ப்பவர்களே போட்டுக்கொள்வார்கள். கெல்ஃப்ளிங்குகள் அழும்போது ஒன்றும் தெரியவில்லை என்கிறீர்கள். முகத்தை விட்டுவிட்டு டீட்டின் கழுத்தைப் பாருங்கள். குகையைவிட்டு முதன்முதலாக வெளியே வந்து சூரியனைப் பார்க்கிறாள். தலை பின்னால் சாய்கிறது, காது மடிகிறது, உடம்பு கொஞ்சம் சுருங்குகிறது. பெக்கி ஹெண்டர்சன் என்ற கலைஞரின் மணிக்கட்டு செய்த வேலை அது. எனக்கு அது போதும்.

டாரன் எஜர்டன், ஆன்யா டெய்லர்-ஜாய் என்றெல்லாம் பெயர் போடுகிறார்களே, அவர்களா ஆட்டினார்கள்?
– ஒரு வாசகர், ஈரோடு

குரல் மட்டும். படப்பிடிப்பில் ஆட்டியவர்களே வசனமும் பேசி நடித்தார்கள். நட்சத்திரங்களின் குரல் பிறகு ஏறியது. நம்மூரில் டப்பிங் கலைஞர்களின் பெயர் தெரியாமலே போகும், இங்கே உடம்பு கொடுத்தவர்களின் பெயர் பின்னால் போயிருக்கிறது. பிரியாவை ஆட்டியவர் ஆலிஸ் டினீன், ரையனை ஆட்டியவர் நீல் ஸ்டெரன்பெர்க், ஒற்றைக்கண் கிழவி ஓக்ராவை ஆட்டியவர் கெவின் கிளாஷ். ஹப் விஷயத்தில் மட்டும் கையும் குரலும் ஒருவருடையதே: விக்டர் யெரிட்.

ஸ்கெக்சிஸ்களில் சூழ்ச்சிக்காரனான சேம்பர்லினின் அந்த 'ம்ம்ம்ம்' முனகலைப் பற்றிப் பல பேர் எழுதியிருக்கிறீர்கள். 1982-இல் அந்தப் பொம்மையை ஆட்டியவர் ஃபிராங்க் ஆஸ், குரல் பாரி டென்னனுடையது. டென்னன் 2017-இல் காலமாகிவிட்டார். தொடரில் சைமன் பெக் அதே முனகலை எடுத்து, அதில் இன்னும் கொஞ்சம் குழைவைச் சேர்த்திருக்கிறார். கெஞ்சுகிறானா, மிரட்டுகிறானா என்று பிரித்தறிய முடியாத அந்த ஒலி இல்லாமல் இந்தக் கதையே இல்லை.

பழைய படங்களைத் தோண்டியெடுத்துக் காசு பார்க்கிறார்கள். நம் சிறுவயது நினைவுகளை விற்கும் வியாபாரம்தானே இதுவும்?
– ஒரு வாசகர், சென்னை

பல புதுப்பிப்புகளைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. இதைப் பற்றிச் சரியில்லை. யார் செய்தார்கள் என்று பாருங்கள்.

1978-இல் ஒரு பனிப்புயலில் நியூயார்க் விமான நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் மகள் ஷெரிலோடு சிக்கிக்கொண்ட ஹென்சன், அங்கே உட்கார்ந்துதான் இந்தக் கதையின் முதல் வடிவத்தை எழுதினார். அரண்மனையில் பட்டுடுத்தி உலவும் முதலைகளின் ஓவியம் ஒன்று அவர் மனதில் ஏற்கெனவே தங்கியிருந்தது. ஸ்கெக்சிஸ் அதிலிருந்து வந்தவை. அந்த உலகத்தை வரைந்தவர் பிரையன் ஃப்ரௌட். படத்தின் நாயகன் ஜென்னையும் நாயகி கிராவையும் செதுக்கிய வெண்டியை அவர் சந்தித்ததே இந்தப் படத்தின் பட்டறையில்தான். அவர்கள் திருமணம் செய்துகொண்டார்கள். மகன் டோபி பிறந்து, கைக்குழந்தையாகவே ஹென்சனின் அடுத்த படத்தில் நடித்தான்.

ஹென்சன் 1990-இல், 53 வயதில் இறந்துவிட்டார். தொடரைத் தயாரித்தவர்களில் ஒருவர் அவர் மகள் லிசா. பிரையனும் வெண்டியும் திரும்பி வந்தார்கள். பொம்மை வடிவமைப்பை மேற்பார்த்தவர் அந்தக் கைக்குழந்தை டோபி. பத்துப் பகுதிகளையும் ஒருவரே, லூயி லெட்டெரியே இயக்கினார். அவரும் சின்ன வயதில் இந்தப் படத்தில் மனசைப் பறிகொடுத்தவர். அப்பாவும் அம்மாவும் செய்த பொம்மைகளின் அளவையும் தையலையும் எடுத்துவைத்துக்கொண்டு பிள்ளைகள் அடுத்த பொம்மையைச் செய்வதை வியாபாரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

தவிர, லாபத்துக்கு இது ராசியான கதையே அல்ல. 1982 டிசம்பரில் படம் வந்தபோது, கோடையில் வெளியான 'ஈ.டி.' திரையரங்குகளை விட்டு இன்னும் இறங்கவில்லை. அன்பான வேற்றுக்கிரகவாசியைக் கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அழுகும் ஸ்கெக்சிஸ் பேரரசரைக் காட்டினால் எப்படி வருவார்கள்? படம் தன் ரசிகர்களைப் பிறகு கேசட்டில் ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டது.

மூத்த இளவரசி செலடான் மேல் எனக்கு வந்த கோபம் ஸ்கெக்சிஸ் மேல்கூட வரவில்லை. அம்மாவைக் கொன்றவர்களிடமே போய் மண்டியிடுகிறாளே!
– ஒரு பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

எனக்கும் முதல் முறை கோபம்தான். இரண்டாம் முறை பார்க்கும்போது அவளுக்காக அழுதேன். தொடரில் மிக நன்றாக எழுதப்பட்ட பாத்திரம் அவள்தான் என்று துணிந்து சொல்வேன்.

அவள் கெட்டவள் இல்லை. பொறுப்பானவள். சின்ன வயது முதல் ஆட்சிக்குத் தயாரானவள், ஒழுங்கு குலைந்தால் மக்கள் சாவார்கள் என்று கற்பிக்கப்பட்டவள். ஸ்கெக்சிஸ் கொலைகாரர்கள் என்று ஒப்புக்கொண்டால் அவள் அம்மா வாழ்ந்த வாழ்க்கை, வசூலித்துக் கொடுத்த வரி, தலைமுறை தலைமுறையாகச் செய்த வணக்கம் எல்லாம் பொய் என்றாகிவிடும். அதைத் தாங்க முடியாமல், அம்மா செய்ததுதான் துரோகம் என்று நம்பத் தீர்மானிக்கிறாள். பிறகு ஸ்கெக்சிஸ் பாணியிலேயே கருப்பு உடை தைத்துப் போட்டுக்கொண்டு கோட்டைக்குப் போகிறாள். நானும் உங்களைப் போலத்தான், உங்களுக்கு உண்மையானவள்தான் என்கிறாள். அவர்கள் சிரித்துக்கொண்டே அந்த உடையைக் கிழித்தெறிகிறார்கள். கண்ணைத் தின்னும் பூச்சியைவிடக் கொடூரமான காட்சி இது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை.

நீங்கள் ஆசிரியை. பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு பேச ஏற்ற காட்சி. அவள் எப்போது திரும்பியிருக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள்.

இதற்கும் நம் பொம்மலாட்டத்துக்கும் ஏதாவது உறவு உண்டா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

வம்ச உறவு இல்லை. ஆனால் உங்கள் பக்கத்து ஆட்டக்காரர்கள் ஸ்கெக்சிஸ் ஆட்டுபவரைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள். தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தில் நூல் கட்டிய இரும்பு வளையத்தை ஆட்டுபவர் தலையில் கிரீடம்போல் அணிவார்; பொம்மையின் கைகளைக் கம்பியால் அசைப்பார். நாலரை அடி உயரம், பத்துக் கிலோ எடை வரைக்கும்கூட பொம்மைகள் உண்டு. தன் தலையை ஆட்டினால் பொம்மை ஆடும், தன் கால் தாளம் போட்டால் பொம்மைக்கும் தாளம் ஏறும். உடம்பு முழுக்கக் கொடுக்காமல் இரண்டிலும் ஒன்றும் நடக்காது.

ஏழாம் பகுதியை மட்டும் தவறவிடாதீர்கள். ஸ்கெக்சிஸ்களை விட்டு விலகிவந்த ஒரு கிழவரும் அவருடைய சாதுவான மறுபாதியும், உலகம் எப்படிக் கெட்டது என்ற கதையைப் பொம்மலாட்டமாக நடத்திக் காட்டுகிறார்கள். பொம்மைகள் பொம்மை ஆட்ட, பொம்மைகள் உட்கார்ந்து பார்க்கின்றன. நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

பாதியில் நிறுத்திவிட்டார்களே! டீட் என்ன ஆனாள்?
– பலர்

அதிகம் வந்த கேள்வி இதுதான். 2020 செப்டம்பரில் சிறந்த குழந்தைகள் நிகழ்ச்சிக்கான எம்மி விருது கிடைத்தது. இரண்டாம் பருவம் கிடையாது என்ற செய்தியும் அதே மாதம் வந்தது. எனக்கு இன்றும் ஆறவில்லை. இத்தனை பொம்மைகளைச் செய்து, இத்தனை பேரைப் பழக்கி, ஒரு முழுப் பட்டறையையே எழுப்பிவிட்டு அதைக் கலைப்பது சாதாரண இழப்பு அல்ல. இவ்வளவு மெதுவாகவும் செலவாகவும் உருவாகும் ஒன்றை, வெளியான சில வாரங்களில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அளப்பதே முறையில்லை. படம் தன் கூட்டத்தைச் சேர்க்க எத்தனை ஆண்டு எடுத்தது என்பது அவர்களுக்குத் தெரியாதா?

டீட் போர்க்களத்தில் உலகைக் கெடுக்கும் இருளையெல்லாம் தனக்குள் வாங்கி எதிரிமேல் திருப்புகிறாள், கெல்ஃப்ளிங்குகள் ஜெயிக்கிறார்கள், அவள் உருமாறி யாருக்கும் சொல்லாமல் விலகி நடக்கிறாள். அங்கே கோட்டையில் விஞ்ஞானி முதல் கார்த்திமை உயிர்ப்பித்துவிட்டான். கெல்ஃப்ளிங்குகளின் வாள் உடைந்து, அதற்குள் இருந்த படிகத்தின் துண்டு வெளியே வந்துவிட்டது. படம் தொடங்கும்போது கெல்ஃப்ளிங் இனத்தில் தெரிய வருகிறவர்கள் ஜென், கிரா இருவர் மட்டுமே. ஆக, அந்த வெற்றிக் கூட்டத்துக்கு என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். எப்படி நடந்தது என்பதைத்தான் இழந்துவிட்டோம். டீட்டுக்கு ஒரு விடுதலை எழுதி வைத்திருப்பார்கள் என்று நான் நம்பிக்கொள்கிறேன். நீங்களும் நம்புங்கள்.

எதை முதலில் பார்ப்பது, படமா தொடரா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

படம். கதைக் கணக்கில் தொடர்தான் முந்தையது, இருந்தாலும் படத்தை முதலில் பாருங்கள். வெறிச்சோடிய அந்த உலகத்தை முதலில் பார்த்தவர்களுக்குத்தான், தொடரில் சந்தைக்கூட்டமும் பாட்டுமாக கெல்ஃப்ளிங் ஊர்கள் நிறைந்திருப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கும். பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: தொடர் முதலில், முடித்த அன்றைக்கே படமும். தூங்கப்போகும் முன் படிகம் ஒட்டுவதை அவர்கள் பார்த்துவிடட்டும். ஒரு நாளைக்கு இரண்டு பகுதிக்கு மேல் வேண்டாம், நாலாம் பகுதியை இரவில் போடாதீர்கள்.